அவன் உதட்டில் என் குரல்

நான் ஒரு பொய் சொன்னேன். அந்த ஒரு பொய்யால் ஓர் இளைஞனின் குரலை அவனுடைய படத்திலிருந்தே அழித்துவிட்டு, அந்த இடத்தில் என் குரலை வைத்தேன்.

பன்னிரண்டு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு தவக்காலத்திலும் பாம்பன் மாதா கோயிலில் சாமியார் முன் பாவசங்கீர்த்தனத்துக்கு மண்டியிட்டிருக்கிறேன். கோபப்பட்டதைச் சொல்லியிருக்கிறேன். குடித்ததைச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும்... தொண்டை வரை வரும். அப்படியே விழுங்கிவிட்டு அடுத்த பாவத்துக்குத் தாவிவிடுவேன்!

நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்திருக்கக்கூடும். கலங்கரை விளக்கத்தைக் காத்த வெள்ளைக்காரரின் மகன் ஒருவன் பாம்பன் மீனவர்களோடு வளர்ந்து, சீமைக்குக் கப்பல் ஏறச் சொல்லும்போது மாட்டேன் என்று நிற்கிற கதை. அந்தப் பையன் பேசும் தமிழைக் கேட்டு வியந்திருப்பீர்கள். ‘வெள்ளைக்காரன் எப்படிப் பேசுகிறான் பார்!’ என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லியிருப்பீர்கள்.

அது அவன் பேசியதல்ல. நான் பேசியது.

அவன் பேசியதை நீங்கள் கேட்கவே இல்லை. கேட்கவிடாமல் செய்தவன் நான்.

என் பெயர் சூசை. பாம்பன்காரன். அய்யாவுக்குச் சொந்தமாக ஒரு நாட்டுப்படகு இருந்தது. என்னைக் கடலுக்கு அனுப்ப அவருக்கு மனமில்லை, படிக்க வைத்தார். ஆங்கிலம் படித்துவிட்டுத் தங்கச்சிமடத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் உள்ளுக்குள் இருந்தது ஒரே ஆசை... நடிப்பு.

கோயிலில் வருடாவருடம் இயேசுவின் பாடுகளை வைத்துப் போடும் பாஸ்கா நாடகத்தில் நானும் இருந்தேன். மேடையில் அல்ல, திரைக்குப் பின்னால். வானத்திலிருந்து கேட்கிற பிதாவின் குரல் என்னுடையது. “ஒனக்குக் குரலு கணீர்னு இருக்குடா. மூஞ்சிதான்...” என்று நாடகம் பழக்கியவர் இழுப்பார். இழுத்ததோடு நிறுத்திக்கொள்வார். மீதியை நான் கண்ணாடியில் பார்த்துக்கொள்வேன்.

அந்த ஆண்டு மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓய்ந்த சமயத்தில் சென்னையிலிருந்து படக்குழு வந்தது. எங்கள் ஊர்ப் பேச்சும் ஆங்கிலமும் ஒருங்கே தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். பங்குச்சாமியார் என் பெயரைச் சொன்னார். நான் போனபோது பையில் என் புகைப்படங்களையும் எடுத்துப் போனேன். இயக்குநர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

“இங்கிலீஷ் நல்லாப் பேசுறீங்க சூசை. லண்டன்ல இருந்து ஒரு பையன் வர்றான். அவனுக்கு உங்க ஊர்த் தமிழ் சொல்லிக்கொடுங்க.”

புகைப்படங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்படித்தான் எட்வின் வந்தான். இருபத்தொரு வயது. செம்பட்டைத் தலை. வந்த இரண்டாம் நாளே வெயிலில் மூக்கு உரிந்துவிட்டது. பெயரைக் கேட்டதும் என் அம்மா வாயில் கை வைத்துச் சிரித்தாள். “நம்ம மேலத்தெரு எட்வினு பேருல்ல இது! அப்ப நம்ம புள்ளதான்... வா ராசா, உக்காரு.”

முதல் நாள் கடற்கரையில் நடந்தபோது தன் திரை வாழ்க்கையை எனக்குச் சொன்னான். அதைச் சொல்லி முடிக்கப் பாலத்தின் நிழல் வரை நடக்கும் நேரம்கூட ஆகவில்லை! ஏழு வயதில் ஒரு பிஸ்கட் விளம்பரம்: கடித்துவிட்டுச் சிரிக்க வேண்டும். பத்து வயதில் ஒரு தொலைக்காட்சித் தொடரில் கிணற்றில் விழுந்த சிறுவன்: மூன்று வாரம் கிணற்றுக்குள்ளேயே கிடந்தான். பதினேழில் மருத்துவமனைத் தொடர் ஒன்றில் நோயாளி. மூக்கில் குழாய், வசனம் கிடையாது. பிறகு ஒரு போர்ப் படத்தில் சிப்பாய். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் செத்துவிட்டான்.

“இத்தனை வருஷத்தில் கேமரா முன்னால் நான் பேசியது நாற்பது வார்த்தை இருக்கும்” என்றான் ஆங்கிலத்தில். “இந்தப் படத்தில் எனக்கு முப்பது காட்சி. முப்பதிலும் பேசுகிறேன். என்ன மொழியாக இருந்தால் என்ன? பேசுகிறேன்!”

இயக்குநரிடம் ஒரு வாக்கும் வாங்கியிருந்தான். தமிழ் நன்றாக வந்துவிட்டால், இரவல் குரல் வைக்காமல் அவனையே பேச விடுவதாக. அதற்காகவே படப்பிடிப்புக்கு ஒரு மாதம் முன்னதாகச் சொந்தச் செலவில் வந்து இறங்கியிருந்தான்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும்கூட... என்ன நாட்கள் அவை! என் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்ததில்லை. காலையில் அய்யாவின் படகில் ஏறிவிடுவான். முதல் வாரம் வாந்தி. இரண்டாம் வாரம் வலையை இழுத்தான். மூன்றாம் வாரம் “ஏலே சூசை, அங்கன பாருலே, தண்ணி நெறம் மாறுது” என்று அய்யாவின் குரலிலேயே என்னைக் கூப்பிட்டான்! அய்யா படகே ஆடுகிற மாதிரிச் சிரித்தார். “இந்தப் பய ஒன்னையவிடத் தேவல. நீ படிச்சவன்னு அளந்து பேசுற. இவென் வாயத் தொறந்து பேசுறான்.”

பாறைமீன் குழம்பை அவன் ‘கொளம்பு’ என்றான். சென்னையிலிருந்து வந்த உதவி இயக்குநர்கள் திருத்தினார்கள். நாக்கை மடித்து மடித்துப் பயிற்சி செய்து சோர்ந்து போனான். நான்தான் அவனைக் கூட்டிப் போய் மீன் ஆய்கிற பெண்கள் பக்கத்தில் உட்கார வைத்தேன். “கேள். இவர்கள் எல்லாருமே கொளம்பு என்றுதான் சொல்கிறார்கள். உனக்கு வராத எழுத்து எங்கள் ஊருக்கும் வராது!” அவன் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் தமிழ் எங்கள் தமிழாகவே இருந்தது என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த தவறு அல்ல இது.

முக்கியமான காட்சியைத் தனுஷ்கோடி மணலில் எடுத்தார்கள். கப்பல் ஏறச் சொல்லும் தந்தையிடம் அவன் பேச வேண்டும். துணை நடிகர்களாக எங்கள் பக்கத்துப் பெண்கள் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். எட்வின் மணலில் உட்கார்ந்து, தலையைத் தூக்காமல், மெதுவாகச் சொன்னான்: “நா எங்கன போக? எனக்கு இந்தத் தண்ணிதான தெரியும்...”

நிறுத்து என்று இயக்குநர் சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டார். பெண்களில் யாரோ விசும்பினார்கள். பிறகு இன்னொருத்தி. நடிக்கச் சொல்லி அழவில்லை; அவர்களாகவே அழுதார்கள். என் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஆனால் அந்தக் காட்சியின் ஒலி வீணாகிவிட்டது. உச்சிப்புளியிலிருந்து கிளம்பிய கடற்படை ஹெலிகாப்டர் அவன் பேசப் பேச மேலே கடந்து போனது. போதாததற்குக் காற்று. எப்படியும் படம் முழுவதையும் சென்னையில் மறுபடி பேசித்தான் ஒலிப்பதிவு செய்தாக வேண்டும். அதற்காக எட்வின் ஊருக்குத் திரும்பாமல் சென்னையில் தங்கினான். அவனுக்கு உதவியாக நானும் போனேன்.

அங்கேதான்... அங்கேதான் நான் கெட்டேன்.

ஒலிப்பதிவுக் கூடம் சின்ன அறை. எதிரே திரை, கையருகே மைக். தன் உதடு அசைவதைத் தானே பார்த்துக்கொண்டு, அந்த அசைவுக்குள் வார்த்தையைப் பொருத்த வேண்டும். எட்வினுக்கு அது புதிது. முதல் இரண்டு நாள் திணறினான். மணலில் வந்தது கண்ணாடி அறைக்குள் வரவில்லை. ‘இப்படிச் சொல்’ என்று காட்டுவதற்காக நான் ஒரு வசனத்தை மைக்கில் பேசினேன்.

வெளியே இருந்த ஒலிப்பதிவாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சார், யார் சார் நீங்க? அப்படியே ஒட்டுது சார்! இன்னொரு தரம் பேசுங்க.”

பேசினேன். திரையில் எட்வினின் அழகான முகம். அதன் உதடுகள் திறந்தன. என் குரல் வெளியே வந்தது.

உங்களுக்கு அது புரியுமா? இருபது வருடம் திரைக்குப் பின்னால் நின்றவனுக்கு அந்த நொடி என்ன செய்யும் என்று... எனக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது! யாரும் இழுத்து நிறுத்தாத முகம். எட்வின் என் தோளில் தட்டி, “பிரமாதம்ண்ணே!” என்றான். அவனுக்கு என்னைத் தவிர வேறு யாரையும் அந்த நகரத்தில் தெரியாது.

மூன்றாம் நாள் எட்வின் தேறினான். நான்காம் நாள் காலை, அந்த மணல் காட்சியைப் பேசினான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். தனுஷ்கோடியில் கேட்ட அதே குரல். சரியாக வந்துவிட்டது. ஒலிப்பதிவாளரும் தலையசைத்தார்.

இயக்குநர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார். அவர் முகத்தில் குழப்பம். “எனக்குப் பிடிச்சிருக்கு சூசை. ஆனா நான் மெட்ராஸ்காரன். எனக்கு உங்க ஊர்க் காது கிடையாது. உண்மையைச் சொல்லுங்க. ராம்நாட்ல தியேட்டர்ல உக்காந்து இதைக் கேட்டா ஜனங்க சிரிப்பாங்களா?”

அவர் என்னை நம்பிக் கேட்டார். பெண்கள் அழுதது நினைவுக்கு வந்தது. அம்மாவின் முந்தானை நினைவுக்கு வந்தது. வந்த பிறகும் சொன்னேன்:

“சிரிப்பாங்க சார்.”

அவ்வளவுதான். இரண்டே வார்த்தை!

அவர் கூடத்தின் கதவைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப நீங்களே பேசிருங்க” என்றார். அதை அவர் சொல்ல வேண்டும் என்றுதானே நான் காத்திருந்தேன்?

எட்வினிடம் அவர் என்ன சொன்னார் என்று தெரியாது. அவன் நேராக என்னிடம் வந்தான். முகம் வெளுத்திருந்தது. இந்த முறை ஆங்கிலத்தில் கேட்கவில்லை. “அண்ணே, நெசமாச் சொல்லுங்க. நா பேசுறது அம்புட்டு மோசமா?”

‘இல்லை’ என்று சொல்ல எனக்கு அப்போதும் நேரம் இருந்தது. கதவைத் திறந்து இயக்குநரைக் கூப்பிட்டிருக்கலாம். சொன்னதை வாபஸ் வாங்கியிருக்கலாம்... நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு நண்பனைப் போல, “கொஞ்சம் சிரிப்பு வருகிற மாதிரி இருக்கிறது எட்வின். ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்” என்றேன்.

“சரிண்ணே. நீங்க சொன்னாச் சரி.”

அத்தோடு அவன் ஊருக்குப் போயிருந்தால் என் பாவம் கொஞ்சம் குறைந்திருக்கும். அவன் போகவில்லை. அடுத்த பத்து நாளும் ஒலிப்பதிவுக் கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எனக்கு உதவி செய்ய! “இங்கன நா மூச்சு வாங்குனேண்ணே, கொஞ்சம் நிறுத்திப் பேசுங்க... இந்த எடத்துல எனக்குத் தொண்டை அடைச்சுச்சு, மெல்லமாச் சொல்லுங்க...” திரையில் தன் உதட்டைச் சுட்டிக்காட்டிச் சுட்டிக்காட்டி, தன் மூச்சையெல்லாம் எனக்கு எடுத்துக் கொடுத்தான். நான் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டேன். நன்றாகப் பேசினேன். நான் நன்றாகப் பேசியதற்குக் காரணமும் அவன்தான்.

படம் வெளியானது. பெயர்ப் பட்டியலில் என் பெயர் ‘மொழிப் பயிற்சி’ என்ற இடத்தில் மட்டும் வந்தது. குரல் யாருடையது என்று படக்குழு மூச்சுவிடவில்லை. அவன் சொந்தமாகப் பேசியதாக எல்லாரும் நம்பினார்கள். சென்னையில் ஒரு விழாவில் மைக்கை நீட்டி, தமிழில் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எட்வின் ‘வணக்கம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். திமிர் பிடித்தவன் என்று எழுதினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் நான்!

இராமநாதபுரத்தில் அய்யாவையும் அம்மாவையும் படத்துக்குக் கூட்டிப் போனேன். கொட்டகையில் கைதட்டல். அம்மா மறுபடியும் அழுதாள். அய்யா மட்டும் அசையாமல் இருந்தார். படம் முடிந்து பேருந்து நிலையத்தில் நின்றபோது என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

“ஏலே, அது ஒன் குரல்தான?”

நான் பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

“அந்தப் பய நல்லாத்தானலே பேசுனான். படகுல என்கூடப் பேசுனானே. அவன் பேச்சு எங்கலே போச்சு?”

“சென்னையில் வேண்டாம்னுட்டாங்கய்யா.”

அய்யா தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியாது. அதன் பிறகு அந்தப் படத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நான்கு வருடம் முன்பு அவர் இறந்தார். அவரிடமும் பொய்தான் சொல்லி அனுப்பினேன்.

எனக்கு நல்லது நடந்தது. திரைத்துறைக்காரர்களுக்கு விஷயம் தெரியாமல் போகுமா? அடுத்தடுத்து அழைத்தார்கள். இன்று சென்னையில் எனக்கு இதுவே தொழில். தமிழில் பேசவைக்கப்படும் பிறமொழிப் படங்களில் என் குரலை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். வீரர்களுக்குப் பேசியிருக்கிறேன், காதலர்களுக்குப் பேசியிருக்கிறேன். வாய்ப்புக் கிடைத்த கதையைக் கேட்பவர்களிடம், ‘தற்செயலாக அமைந்தது’ என்பேன்.

எட்வினுக்கு என்ன நடந்தது? இரண்டு வருடம் கழித்து மின்னஞ்சல் எழுதினான். அவன் நாட்டில் ஒரு பெரிய தொடர். தமிழ் பேசும் வெள்ளைக்கார மருத்துவர் பாத்திரம். அவனைத் தவிர அந்த வேடத்துக்கு யார் இருக்கிறார்கள்? படத்தைப் பார்த்துவிட்டு அவர்களே கூப்பிட்டிருக்கிறார்கள். குரல் தன்னுடையது அல்ல என்று அவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான். பரவாயில்லை, இப்போது ஒரு பக்கம் பேசிக் காட்டு என்றிருக்கிறார்கள்.

‘வாயைத் திறந்தேன் அண்ணே. பாம்பன் முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. ஒரு வரிகூட வரவில்லை’ என்று எழுதியிருந்தான். அந்த வேடம் போய்விட்டது. அதன் பிறகு இரண்டு மூன்று சில்லறை வேடங்கள். பிறகு அதுவும் இல்லை. அந்த மின்னஞ்சலுக்கு நான் ஆறுதல் சொல்லிப் பதில் போட்டேன். ஆறுதல்... நான்!

போன மாதம் எட்வின் பாம்பனுக்கு வந்தான். அய்யா இறந்தது தாமதமாகத்தான் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கல்லறையைப் பார்க்க வேண்டும் என்றான். சென்னையிலிருந்து நானும் போனேன். அவனுக்கு இப்போது முப்பத்து மூன்று. முன்மண்டை ஏறிவிட்டது. அவன் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கிறானாம். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான்.

கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினான். காற்றில் நிற்காமல் அணைந்துகொண்டே இருந்தது. கையை வளைத்துப் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் சொன்னான்: “என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் இங்கேதான் இருந்தன. எனக்கு உங்கள் மொழி வரவில்லை. ஆனால் நீங்கள் ஒருநாளும் என்னைக் கேலி செய்ததில்லை அண்ணே. அதற்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்.”

இதோ, இப்போது சொல்லிவிடு என்றது மனசு. இதைவிட வேறு இடமா? அய்யாவின் காலடியில்... “எட்வின், ஒரு விஷயம்” என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். அந்த முகம்! பத்து நாள் திரையில் ஒவ்வொரு அசைவாக நான் உற்றுப் பார்த்த முகம்.

“டீ குடிக்கலாமா?” என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்தோம். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. ஆனாலும் அடையாளம் கண்டுகொண்டாள். அவன் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து என்னென்னவோ கேட்டாள். எல்லாம் அவனுக்குப் புரிந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் பதில் சொன்னான். நான் தமிழில் சொன்னேன்.

அம்மா ஓர் இடத்தில் நிறுத்திவிட்டாள். முகத்தை என் பக்கம் திருப்பி, குரலைத் தாழ்த்தினாள். “ஏலே சூசை, இந்தப் புள்ள முன்ன நல்லாப் பேசும்லடா. அன்னைக்கி மணல்ல உக்காந்து அழ வச்சுச்சே. இப்ப ஏன் வாயே தொறக்க மாட்டேங்குது? கேளு.”

தாழ்ந்த குரல், அம்மாவின் வேகமான பேச்சு. எட்வினுக்கு முழுதாகப் பிடிபடவில்லை. “அம்மா என்ன கேட்கிறார்கள்?” என்றான்.

“பயணம் எப்படி இருந்தது என்று கேட்கிறாள்.”

“நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள்.”

“மறந்துபோச்சாம்மா” என்றேன் அம்மாவிடம். அவள் ‘ப்ச்’ என்று அவன் கையைத் தடவிக் கொடுத்தாள்.

மறுநாள் அவன் ரயிலேறிப் போய்விட்டான்.

இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன். மனசு லேசாகும் என்று நினைத்தேன்; ஆகவில்லை. ஏன் ஆகும்? நீங்கள் என்னை மன்னித்தாலும் அதற்கு என்ன பொருள்? உங்களுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லையே!

எழுதி முடித்துவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் தமிழில் இருக்கிறது. எட்வினுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எனக்கு ஆங்கிலத்தில் எழுதத் தெரியும்.